மூடுபனியில சிவந்த செடி

ஒரு மலை, அந்த மலை உச்சிய ஒட்டி மேலூருன்னு ஒரு ஊரு, அந்த ஊர்ல ஒருத்தி இருந்தா. அவ பேரு கோமேதகம். ம் கொட்டுறியா? கொட்டு, அப்பதான் கத நடக்கும்.

கோமேதகத்தோட புருஷன் வேலப்பன். கோவேறு கழுதை மேல பூண்டு மூட்டைய ஏத்திக்கிட்டு அடிவாரத்துல இருக்குற கீழூருக்குப் போயி வர்றவன். அவங்களுக்கு ஒரே பொண்ணு. சிட்டுன்னு கூப்பிடுவாங்க. உன்ன மாதிரியே வாய் ஓயாது.

கீழூருக்கு எறங்க இருக்குறது ஒரே பாத. ஒரு பக்கம் மலைச்சுவரு. இன்னொரு பக்கம்... ஒண்ணுமே இல்ல, வெறும் பள்ளம். கல்ல உருட்டிவிட்டா விழுற சத்தம் கூடக் கேக்காது. மத்த மாசத்துல எல்லாரும் பேசிக்கிட்டே நடந்துருவாங்க. ஐப்பசி பொறந்துட்டா மட்டும் மூடுபனி வந்து பொத்துன்னு உக்காந்துக்கும். கைய நீட்டுனா உன் வெரலு உனக்கே தெரியாது. அப்படி ஒரு பனி.

அப்போ ஒரு ஐப்பசியில வேலப்பன் கழுதையோட வந்துகிட்டிருந்தான். கிணிகிணி, கிணிகிணின்னு கழுத்துமணிச் சத்தம். வளைவுகிட்ட வந்ததும் கழுதைக்குக் காலு வழுக்குச்சு. சர்ர்ருன்னு மண்ணு சரிஞ்சுது. மணிச் சத்தம் கீழ, கீழ, கீழ போயி... அப்புறம் கேக்கவே இல்ல. வேலப்பன் ஒரு வேரப் புடிச்சுத் தொங்கித் தப்பிச்சான். ஆனா காலு ஒடஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அவனால பாதையில எறங்க முடியல.

ம்? முழிச்சுத்தான் இருக்க. சரி.

கோமேதகம் அழல. பாதையையே பாத்துக்கிட்டு நின்னா. "ஏங்க, அந்த ஓரத்துல செடி வெக்கப் போறேன்"னா.

"செடியா? நல்ல வேலியாப் போட்டாத்தான் என்ன?"

"வேலிக்கம்பு மழையில மண்ணோட போயிரும். செடின்னா வேரு மண்ணப் புடிச்சுக்கும். பனிக்குள்ள பளிச்சுன்னு தெரியிற நெறமாப் பாத்து வெக்கணும்."

அப்புறம் அவ என்ன செஞ்சா, கீழூர்லேருந்து குரோட்டன்ஸ் வாங்கியாந்து வெச்சா. மஞ்சளும் சிவப்பும் கலந்த இலை, பாத்தா பட்டுப்பொடவ மாதிரி. ஊரே வந்து பாத்துச்சு. கார்த்திகைக் குளிரு அடிச்சுது பாரு, ஒரே ராத்திரியில அத்தனையும் கருகிப்போச்சு.

அடுத்த வருஷம் செம்பருத்தி வெச்சா. அது குளிர ஏதோ தாங்குச்சு. பூவும் பூத்துச்சு. ஆனா சோன்னு மழை புடிச்சுதா, பூவெல்லாம் சொத்து சொத்துன்னு சேத்துல விழுந்துபோச்சு. பனி எறங்குற நாளுக்கு ஒரு பூ மிச்சமில்ல. மிச்சமிருந்த இலைய ஆடு மேஞ்சுட்டுப் போச்சு.

அப்போ கோமேதகத்துக்கு ஒண்ணு தோணுச்சு. "ஏங்க, நான் வெயில் நாள்லயே செடி தேடுறேன். எதப் பாத்தாலும் அழகாத்தான் இருக்கு. பனியில தெரியிற செடிய பனியிலதானே தேடணும்?"

"பனியில காட்டுக்குள்ள போவியா? ஏ புள்ள, எனக்குக் காலுதான் போச்சு. நீயும் போயிராத."

"அப்ப கயித்தக் கட்டிவிடுங்க."

வேலப்பன் நீளமான கயித்த எடுத்து ஒரு நுனிய அவ இடுப்புல கட்டுனான். இன்னொரு நுனியத் தன் கையில சுத்திக்கிட்டு வாசப்படியில உக்காந்தான். அவ பனிக்குள்ள போனா. எங்க பாத்தாலும் வெள்ள. மரம் வெள்ள, பாற வெள்ள. சொட், சொட்டுன்னு இலத்தண்ணி மட்டும் விழுது. கயிறு முடியப் போற நேரத்துல, தூரத்துல ஒரு செவப்பு. தீயா? ஏதாச்சும் மிருகத்தோட கண்ணா? மெல்லக் கிட்டப் போனா.

குட்டையா ஒரு முள்ளுச்செடி. மத்த நாளெல்லாம் ஊர்ச்சனம் கண்டுக்காமப் போற பச்சைச்செடி. அதுல பூ கிடையாது. இலையே செவசெவன்னு எரியுது! தொட்டுப் பாத்தா. சில்லுன்னு இருந்துச்சு.

பனி விலகுனதும் அதோட கன்னுகளத் தோண்டியாந்து, மேலூர்லேருந்து கீழூரு வரைக்கும் பள்ளத்து ஓரமாவே நட்டா. முள்ளு இருந்ததால ஆடு தொடல. அடுத்த ஐப்பசிக்குள்ள இடுப்பு உசரம் வந்துருச்சு. ஆனா எல்லாம் பச்சை. தெனம் போயிப் பாப்பா. பச்சை. "காட்டுலதான் சிவக்கும் போல"ன்னு ஊர்ல சிரிச்சாங்க. அவளுக்கும் சந்தேகம் வந்துருச்சு.

அப்போதான் சிட்டுக்குக் காய்ச்சல் வந்துச்சு. ஒடம்பு அனலாக் கொதிக்குது. அவள விட்டு நகராததால கோமேதகம் செடிப்பக்கம் போகவே இல்ல. வெளியில கடுங்குளிரு. மூணாம் நாளு காலையில புள்ளைக்குப் பேச்சே வரல. வாயாடிக்குப் பேச்சு வரலன்னா பாரேன்! வைத்தியரு இருக்குறது கீழூர்ல. கதவத் தொறந்தா, வாசல்லயே பனி.

"விலகட்டும், புள்ள."

"எப்பங்க விலகும்?"

அவ சிட்டுவ முதுகோட சேத்துத் துணியில கட்டிக்கிட்டா. எறங்கிட்டா.

ஒவ்வொரு அடியாக் காலால தடவித் தடவி வெக்கிறா. வெள்ள. மேலயும் வெள்ள, கீழயும் வெள்ள. ஓரிடத்துல கால வெச்சா, ஒரு கல்லு உருண்டுச்சு. கேட்டா. விழுற சத்தமே வரல. அப்படியே உக்காந்துட்டா. கைய நீட்டுனா மலைச்சுவரும் தட்டுப்படல. முன்னால போகவும் தெரியல, பின்னால போகவும் தெரியல. முதுகுல புள்ள மூச்சு மட்டும் சுடுது.

அப்போ, கண்ணு... அந்த வெள்ளைக்குள்ள, அவ கைக்கெட்டுற தூரத்துல, கங்கு மாதிரி ஒரு செவப்பு. அதுக்கு அங்கிட்டு இன்னொண்ணு. அதுக்கும் அங்கிட்டு இன்னொண்ணு! காத்துல பனி லேசா அசைய அசைய ஒவ்வொண்ணா எரியுது. கையெடுத்துக் கும்பிட்டா. அப்புறம் எந்திரிச்சா. செவப்புக்கு அந்தப் பக்கம் பள்ளம், இந்தப் பக்கம் பாத. அவ்வளவுதான் கணக்கு. செவப்ப எடதுகைப் பக்கமே வெச்சுக்கிட்டு நடந்தா, நடந்தா, கீழூர்ல நாய் கொரைக்கிற சத்தம் கேக்குற வரைக்கும் நடந்தா.

வைத்தியரு அங்கமுத்து புள்ளையப் பாத்துட்டுப் பதறிப்போனாரு. மூலிகைய இடிச்சு, சாறு புழிஞ்சு, நாக்குல விட்டாரு. "இந்தப் பனியில எப்படிம்மா வந்த?"ன்னாரு. பொழுது சாயிறப்போ புள்ளைக்கு வேர்த்துச்சு. விடிஞ்சதும் "அம்மா, கஞ்சி"ன்னுச்சு.

ம்... ஆமா, கஞ்சி குடிச்சுது. ரெண்டு கிண்ணம்.

அப்புறம் வெயில் வந்துச்சு. கொடியில காயுற சேலைய உருவுற மாதிரி பனி மெல்ல மெல்ல மேல போச்சு. சிட்டுவ இடுப்புல வெச்சுக்கிட்டு கோமேதகம் வெளிய வந்து அண்ணாந்து பாத்தா. மலையடிவாரத்துலேருந்து உச்சி வரைக்கும், வளைஞ்சு வளைஞ்சு, ஒரே செவப்புக் கோடு. கீழூர்ச்சனம் எல்லாம் அப்படி அப்படியே நின்னுருச்சு. தண்ணிக்கொடம் சுமந்தவ கொடத்த எறக்கவும் மறந்து நிக்கிறா.

சிட்டுதான் கேட்டுச்சு. "அம்மா, அவ்வளவையும் யாரும்மா பத்தவெச்சது?"

"இத்தன நாளு பச்சையாத்தானே நின்னுச்சு. இம்புட்டு நெறத்தையும் எதுக்குள்ளடி வெச்சிருந்துச்சு?"ன்னா கோமேதகம்.

அது யாருக்கும் தெரியல. எனக்கும் தெரியாது. கதை மலையேறிருச்சு கண்ணு, நீ கண்ண மூடு.