ஒரு பொட்டு வெளிச்சம்

“இங்க எனக்கு என்னதான் வேலை, மேடம்?”

இசக்கியப்பன் கேட்டேவிட்டார். இருபத்திரண்டு வருஷம் எக்ஸ்ரே எடுத்த மனுஷர். நாற்பத்தேழு வயதில் பரீட்சை எழுதித் தேறி, அதே ஆஸ்பத்திரியின் அணு மருத்துவப் பிரிவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது.

ரஹ்மத் நிஷா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள்தான் அங்கே தலைமை டெக்னாலஜிஸ்ட். அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள். ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“அங்க நான் பட்டனை அமுக்குவேன். கதிர் பாயும். படம் விழும். நான் எடுத்த படம்னு நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன். இங்க மெஷின் சும்மா கெடக்கு. அது பக்கத்துல நானும் சும்மா கெடக்கேன்.”

“அண்ணே, அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க.”

அவ்வளவுதான் பதில்.

பிள்ளைக்கு நாற்பத்தெட்டு நாள். கண், உள்ளங்கால் எல்லாம் மஞ்சள்.

“சுண்ணாம்பு மாதிரி வெளிக்கி போறான் சார்,” என்றாள் தாய் மாரிக்கனி. “வயித்தைக் கிழிக்கணும்னு சொல்லுதாங்க. இன்னைக்குத் தெரிஞ்சிருமா சார்?”

ஊசியில் இருந்தது துளி மருந்து. அதில் கொஞ்சம் கதிரியக்கம். ரத்தத்தோடு போய் ஈரலில் தங்கும். அங்கிருந்து பித்தத்தோடு குடலுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் பித்தம் போக வழி இருக்கிறது. இறங்காவிட்டால் அடைப்பு என்று பயப்பட வேண்டும். இந்த வாரமே ஆபரேஷன்.

நிஷா ஊசியைப் போட்டதும் குழந்தையைத் துணியில் சுற்றிக் கேமராவுக்குக் கீழே கிடத்தினார்கள். கேமரா எதையும் அனுப்பவில்லை. குழந்தைக்குள்ளிருந்து வருவதை வாங்கிக்கொண்டது.

கறுப்புத் திரையில் ஒரு புள்ளி. இன்னொன்று. பிறகு நூறு. பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது.

“மேடம்! ஈரல்! ஈரல் தெரியுது!”

“ம்.”

ஒரு மணி நேரம் ஆனது. ஈரல் மட்டும்.

இரண்டு மணி நேரம். ஈரல் மட்டும்.

மத்தியானம் ஒரு மணிக்கு நிஷா அடுத்த அறையில் வேறொரு நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். இசக்கியப்பன் தனியாக இருந்தார். திரையில், ஈரலுக்குக் கீழே, அடிவயிற்றுப் பக்கம், பளிச்சென்று ஒரு பொட்டு.

கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு ஓடினார்.

“வந்துருச்சும்மா! வழி இருக்கு!”

மாரிக்கனி அழுதாள், சிரித்தாள், உடனே குவாரியில் லாரி ஓட்டும் புருஷனுக்குப் போன் போட்டாள்.

இசக்கியப்பன் திரும்பி வந்தபோது நிஷா திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையுறை மாட்டினாள். குழந்தையின் இடுப்புத் துணியை அவிழ்த்தாள். நனைந்திருந்தது. அதை ஈயப் பெட்டியில் போட்டு மூடினாள். குழந்தையைத் துடைத்தாள். புதுத் துணி கட்டினாள்.

“இப்ப எடுங்க.”

எடுத்தார்.

பொட்டு இல்லை.

“மூத்திரத்துலயும் அந்த மருந்து போகும்ணே.”

இசக்கியப்பன் வராந்தாப் பக்கம் பார்த்தார். “அந்தம்மாகிட்ட நீங்க போய்ச் சொல்லிருங்க மேடம்.”

“வந்துருச்சுன்னு சொன்னது யாரு?”

போனார். மாரிக்கனியின் காதில் இன்னும் போன் இருந்தது. அவர் சொன்னதைக் கேட்டாள்.

“ஏங்க,” என்றாள் போனில். “இன்னும் வரலியாம்.”

சாயங்காலம் எடுத்த படத்திலும் ஈரல் மட்டும்.

மறுநாள் காலை எட்டு மணி. கடைசிப் படம். மருந்தின் வீரியம் பதினாறில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. புள்ளிகள் சொட்டுச் சொட்டாக விழுந்தன. முதல் நாள் ஒரு நிமிஷத்தில் தெரிந்த ஈரல் தெரியவே இன்று அரை மணி நேரம் ஆகும் போலிருந்தது.

இசக்கியப்பன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஈரலுக்குக் கீழே ஒரு புள்ளி. பக்கத்தில் ஒன்று. இன்னொன்று.

எழுந்தார். கையுறை மாட்டினார். இடுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்துதான் இருந்தது. இருந்தாலும் மாற்றினார். ஈரப் பஞ்சால் வயிற்றைத் துடைத்தார். விரிப்பையும் மாற்றினார். மறுபடி எடுத்தார்.

இருந்தது.

கேமராவைத் திருப்பிப் பக்கவாட்டில் எடுத்தார்.

இருந்தது. தோலில் இல்லை. உள்ளே.

“மேடம், கொஞ்சம் வாங்க.”

நிஷா வந்தாள். “துணி?”

“மாத்தியாச்சு.”

“விரிப்பு?”

“மாத்தியாச்சு.”

“பக்கவாட்டுல?”

“இந்தா இருக்கு.”

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பொட்டு மெல்ல நீண்டது. வளைந்தது. குடலின் வளைவு. ஒரு நாள் முழுக்க ஈரலுக்குள் கிடந்த மருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

“அண்ணே!” நிஷா அவர் சட்டைக் கையைப் பிடித்து உலுக்கினாள். “அண்ணே, போகுதுண்ணே!”

“போகுது மேடம்! போயிட்டே இருக்கு!”

சின்னப் பிள்ளைகள் மாதிரி இருவரும் சிரித்தார்கள். நிஷா டாக்டருக்குப் போன் செய்யப் போனாள்.

கதவோரம் மாரிக்கனி. “சார், என்ன சார்?”

இசக்கியப்பனுக்கு வாய் நிறைய வார்த்தை முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

“டாக்டர் வாராரும்மா.”

டாக்டர் வந்தார். எல்லாப் படங்களையும் பார்த்தார். வழி இருக்கிறது, அடைப்பு இல்லை, இந்த ஆபரேஷன் வேண்டாம், மருந்திலேயே பார்ப்போம் என்று மாரிக்கனியிடம் சொன்னார்.

அவள் டாக்டரைக் கும்பிட்டுவிட்டு நேராக இசக்கியப்பனிடம் ஓடி வந்தாள். அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க நேத்தே சொன்னீயளே சார்! வழி இருக்குன்னு நீங்கதான் மொதல்ல சொன்னீய! உங்க வாய் முகூர்த்தம்!”

அவர் திகைத்துப்போய் நின்றார். அவள் போன பிறகும் நின்றார்.

நிஷா சுவரில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தம்மா சொல்றதும் சரிதானே அண்ணே? நேத்து நீங்க சொன்னதைத்தான் இன்னைக்கு டாக்டரும் சொல்றாரு. அப்ப நேத்து சொன்னது உண்மையா, பொய்யா?”

உள்ளே, கேமராவுக்குக் கீழே, பசி வந்து குழந்தை வீறிட்டது. இசக்கியப்பன் போய் அதை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“நேத்து நான் சொன்னேன், மேடம். இன்னைக்கு இவன் சொன்னான்!”