இடது முட்டிக் கவசம்

இடது முட்டிக் கவசம் கழன்று விழுந்தது. அணிவகுப்பின் நடுவில், குழந்தைகள் முன்னால். பின்னால் வந்தவர் அதை மிதித்துத் தடுமாறினார்.

விண்வெளிப் படைவீரர் வேடம் போடுகிற குழு அது. உடம்பெல்லாம் வெள்ளைக் கவசம், முகத்தை மூடிய தலைக்கவசம். விழுந்தது தணிகாசலத்துடையது. ஐம்பதைத் தாண்டியவர். தனியாள். இந்த வயதில் இது எதற்கு என்றால், பிடித்திருந்தது. வாரம் முழுக்க அவர் யாரோடாவது சேர்ந்து நிற்கிற இடம் அந்த வரிசை ஒன்றுதான்.

"இன்னொரு தடவை விழுந்தா வரிசையில நிக்க வேணாம் சார்," என்று சொல்லிவிட்டார்கள்.

சாலிகிராமத்தில் பட்டறை வைத்திருந்த ஹெப்சிபாவிடம் போனார். கவசம் செய்யக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். மகள் வயது. மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"பசை போட்டேன் மாஸ்டர். வெல்க்ரோ தச்சேன். எலாஸ்டிக்கை மாத்தினேன். நிக்கல."

"இங்க மாட்டுங்க."

ஸ்டூலில் உட்கார்ந்தார். காலை மடக்கி, குனிந்து, முட்டிக்குப் பின்னால் பட்டையை இறுக்கினார். எழுந்து நாலு எட்டு வைத்தார். பட்டை தொளதொளத்தது. கவசம் தரையில்.

ஹெப்சிபா அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். எதிரே நிமிர்ந்து நின்றாள்.

"எனக்குக் கட்டுங்க."

மண்டியிட்டுக் கட்டினார். அவள் பட்டறையைச் சுற்றி வந்தாள். படி ஏறி இறங்கினாள். கவசம் அசையவில்லை.

"அதே பட்டைதானே மாஸ்டர்?"

"அதேதான்."

"அப்ப என் தப்பு என்ன?"

"மடக்கின முட்டி பெருசா இருக்கும். அதுக்கு அளவா கட்டுறீங்க. நிமிந்ததும் தொளதொளங்குது."

"நிமிந்து நின்னுக்கிட்டு என் முட்டியில நானே எப்படிக் கட்டுறது?"

"முடியாது."

"மத்தவங்க எப்படிக் கட்டுறாங்க?"

"நீங்க பாத்ததே இல்லையா?"

இல்லை. மற்றவர்கள் பையோடு அரங்கத்துக்கு வந்து அங்கே மாட்டிக்கொள்வார்கள். இவர் வீட்டிலேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்குவார். உடை மாற்றுகிற அறையில் நாலு பேர் பேச்சுக் கொடுப்பார்கள். அது அவருக்கு வராது.

"நீங்களே வந்து கட்டி விட்டுடுங்க மாஸ்டர்."

"மாட்டேன்."

அவ்வளவுதான். அவள் அட்டை வெட்டப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பையோடு போனார். அறை முழுக்க வெள்ளைக் கவசங்கள். ஒருவருக்கு ஒருவர் மண்டியிட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் முட்டிக் கவசத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். வாயைத் திறப்பார், மூடுவார். வரிசைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"இதை... கொஞ்சம் கட்டி விட முடியுமா?" பக்கத்திலிருந்த தலைக்கவசத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அட, உங்களுக்குப் பேச வருமா சார்? பந்தயமே கட்டியிருந்தோம்," என்றது தலைக்கவசம். "காலை நேரா வைங்க."

மண்டியிட்டு இறுக்கியது.

அணிவகுப்பு முடிந்தது. கவசம் இருந்த இடத்தில் இருந்தது. வாசலில் ஹெப்சிபா நின்றிருந்தாள்.

"நின்னுடுச்சு மாஸ்டர்."

"யாரு கட்டினது?"

"தெரியல. முகம் மூடியிருந்துது."

"அப்ப இன்னும் கட்டி முடியல. போய்க் கேட்டுட்டு வாங்க."

கூட்டத்துக்குள் திரும்பிப் போனார். வர வெகுநேரம் ஆயிற்று.

"நூருல்லா," என்றார்.