அண்ணன் முறைத் தண்ணீர்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. இப்போதும் முழுதாக நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன்.

பங்குக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவன் நான். கோடையில் அந்தத் தண்ணீருக்காக உடன்பிறந்தவர்கள் என்னென்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். எதைச் செய்ய மாட்டார்கள் என்றும் தெரியும்.

கதையைச் சொன்னவர் பொங்கியண்ணன். தாராபுரத்துக்கு மேற்கே கொஞ்சம் மேட்டுநிலம் வைத்திருக்கிறார். நடந்தது அவருக்கே. எப்போது சொன்னாலும் ஒரு வார்த்தை கூடாது, குறையாது. என் சந்தேகத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

*

பொங்கியண்ணன் கரட்டடிச் சாமியிடம் போனார். சாமிக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கரட்டுக் குன்றின் அடியில், யாரோ கைவிட்டுப் போன கோழிப்பண்ணைக் கொட்டகையில் சாமி இருந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கோணும்."

"மோரு கொண்டாந்தியா?"

கொண்டுவந்திருந்தார். சாமி ஒரு வாய் குடித்தார்.

"உப்பு இல்லையே. ஊட்டுல சண்டையா?"

"சிரிக்கற நேரமில்லீங்க சாமி. மொளகா பூ எடுத்து நிக்குது. தண்ணி பத்தல. இப்படியே போனா பூவெல்லாம் கொட்டீரும். இந்த வருசம் அதை விட்டா வேற வெள்ளாமை இல்லீங்க."

"போன வருசம்?"

"மழையில காய் அழுகிப்போச்சுங்க."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி நல்லா வெளஞ்சுது. சந்தையில கேக்க நாதியில்லை."

சாமி தலையாட்டினார்.

"கெணத்துல தண்ணியே இல்லியா?"

"இருக்குதுங்க. பங்குக் கெணறு. ஒரு நாள் என் முறை, ஒரு நாள் அண்ணன் முறை. அண்ணன் மாசியில தவறிட்டாருங்க. அவர் காட்டுல இப்ப ஒண்ணுமில்லை. ஊத்து ஒரு மட்டத்துக்கு மேல ஏறாது. அவர் முறையன்னைக்கு எறைக்காம விட்டா வீண்தான். அதை நான் எடுத்துக்கலாமுங்களா?"

"உங்க அண்ணியைக் கேட்டியா?"

"பேச்சுவார்த்தை இல்லீங்க."

"ஏன்?"

பொங்கியண்ணன் கொட்டகைக் கூரையைப் பார்த்தார்.

"அண்ணன் மஞ்சக்காமாலையில படுத்திருந்தாரு. அப்ப அவர் காட்டுல தக்காளி. தண்ணி கட்ட ஆளில்லை. வீணாப் போகக் கூடாதேன்னு என் பக்கம் திருப்பிக்கிட்டேன்."

"அவரு தக்காளி?"

"காஞ்சுபோச்சுங்க."

"பாத்தாரா?"

"கட்டில்லதான கெடந்தாரு. சன்னலுக்கு நேராத்தானுங்க காடு."

சாமி மிச்ச மோரையும் குடித்தார். சொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்கு யார் முறை?"

"அண்ணன் முறைங்க."

"வர்றேன்."

பொங்கியண்ணன் வேகமாக வீட்டுக்கு நடந்தார். சாமியே வந்து வாய்க்காலைத் திருப்பிவிட்டால் ஊரில் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. மனைவியிடம், "நாளைக்கு நல்ல அரிசியாப் போடு. சாமி நம்ம ஊட்டுலதான் சாப்பிடுவாரு" என்றார்.

*

சாமி காலையில் வந்தார்.

"மோட்டாரைப் போடு."

பொங்கியண்ணன் மோட்டார் அறைக்குள் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினார். தண்ணீர் தொட்டியில் விழுந்து வாய்க்காலில் ஓடியது.

வாய்க்கால் பிரியும் இடத்தில் சாமி மம்பட்டியோடு நின்றார். இடது பக்கம் மிளகாய். வெயில் ஏறுவதற்கு முன்பே இலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. வலது பக்கம் அண்ணன் காடு. யாரும் பிடுங்காத தக்காளிச் செடிகள், ஊன்றுகுச்சிகளோடு, சருகாக நின்றன.

சாமி மண்ணை அள்ளி இடது வாயை அடைத்தார். வலது வாயை வெட்டிவிட்டார்.

"சாமி! அந்தப் பக்கம் இல்லீங்க! அங்க ஒண்ணுமில்லீங்க!"

"தக்காளி இருக்குதே."

"அது செத்துப்போச்சுங்க!"

"தெரியும்."

"எம் பொழப்பு இந்தப் பக்கம் காயுது. உங்களுக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்குது?"

சாமி மம்பட்டியில் ஒட்டிய சேற்றைக் காலால் வழித்தார்.

"இன்னைக்கு யார் முறைன்னு சொன்ன?"

பொங்கியண்ணன் மோட்டார் அறை வாசலுக்குத் திரும்பிப் போனார்.

காய்ந்த இலைகள் தண்ணீரில் மிதந்து போயின.

சத்தம் கேட்டு அண்ணி தெய்வாத்தாள் வீட்டிலிருந்து இறங்கி வந்தார். வரப்பில் நின்றார். தண்ணீரைப் பார்த்தார். கொழுந்தனைப் பார்க்கவில்லை.

சாமி மம்பட்டியை நீட்டினார். அண்ணி வாங்கிக்கொண்டார்.

முதல் பாத்தி நிறைந்ததும் அதை அடைத்து அடுத்ததைத் திறந்தார். அது நிறைந்ததும் அதற்கடுத்தது. பூவும் பிஞ்சுமாக நிற்கும் காட்டுக்குக் கட்டுவதைப் போலவே கட்டினார். சாய்ந்திருந்த ஒரு குச்சியை நிமிர்த்தி ஊன்றினார். ஒரு தடவைதான் பேசினார். அதுவும் சாமியிடம்.

"அந்தக் கடைசிப் பாத்திக்கு ஏறாதுங்க. மேட்டைத் தட்டோணும், தட்டோணும்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு."

பொங்கியண்ணன் மோட்டார் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய் மோட்டார் காற்றை இழுத்துக் கதறும்வரை அங்கேயேதான் நின்றார்.

சாமி சாப்பிடாமல் போய்விட்டார். நல்ல அரிசிச் சோறு அப்படியே இருந்தது.

மிளகாய்ப் பூ அந்த வாரமே கொட்டியது.

*

கதை இவ்வளவுதான்.

நான் சந்தேகப்பட்டதெல்லாம் சாமியைத்தான். பங்குனி வெயிலில், செத்த செடிக்கு யார் தண்ணீர் விடுவார்கள்? அந்தப் பக்கம் விசாரித்தேன். அப்படி ஒரு சாமியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் உண்டு, இல்லை என்றவர்களும் உண்டு. கோழிப்பண்ணைக் கொட்டகை மட்டும் இருக்கிறது. பொங்கியண்ணன் இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கும்போதெல்லாம் கதை பொய்யாகிவிடும். அதோடு விட்டுவிடுவேன்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மோட்டார் அறை வாசலில் நின்றுகொண்டு, அதே கதையை, அதே வார்த்தைகளில் சொன்னார்.

இந்தத் தடவை என் கண் வாய்க்கால் பக்கம் போகவில்லை. அவர் தோளுக்குப் பின்னால், சுவரில் மாட்டியிருந்த ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே நின்றது.

அவர் சொல்லி முடித்ததும் கேட்டேன்.

"வாய்க்காலை வெட்டினது சாமி. சரி. மோட்டாரை நிறுத்தற சிவப்புப் பொத்தான் உங்க கைக்கிட்டத்தான இருந்துச்சு. நீங்க ஏனுங்க அமுக்கலை?"