குடை பிடிப்பவள் ஏன் பேசுவதில்லை

அந்தக் காலத்தில், கைப்பேசி விளையாட்டுக்குள் இருக்கிற நாட்டுக்கு, விரலால் தொட்டு ஆடுகிறவர்கள் யாரும் வந்திருக்கவில்லை. அதனால் அங்கே எல்லோரும் தாங்களாகவே பேசினார்கள். சூரியன் பேசியது, எருமை பேசியது, குடை பிடிக்கிறவர்கள்கூடப் பேசினார்கள்.

பிறக்கும்போது எல்லாக் குழந்தையும் ஈர மண்ணின் நிறம்தான். அரண்மனைக் குழந்தைகள் நிழலில் வளர்ந்து வெளுத்தார்கள். உப்பளத்துக் குழந்தைகள் வெயிலில் வளர்ந்து கறுத்தார்கள். அவ்வளவுதான் விஷயம். அரண்மனையில் மட்டும் அந்த வெளுப்புக்கு ராஜ ரத்தம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

உப்பளத்தில் வேம்பி என்று ஒருத்தி இருந்தாள். பெண் பிறந்ததும் அவள் குழந்தையின் பாதத்தைப் பார்த்தாள், பிறகு உப்பு அரித்து வெடித்திருந்த தன் பாதத்தைப் பார்த்தாள். பயம் வந்துவிட்டது. அந்தப் பயம் பிறகு போகவே இல்லை.

முளைப்பாரி போடும்போது அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். இருட்டறையில் வளர்ந்த பயிர் வெளிறி, நீண்டு வரும். அதைத் தலையில் தூக்கிக் குலவை போடுவார்கள். வெயிலில் வளர்ந்த பயிரை அப்படி யாரும் தூக்கியதில்லை. வேம்பி குழந்தையை வீட்டு மூலையிலிருந்த காலி நெற்குதிருக்குள் இறக்கி, மூடியைப் போட்டாள்.

உப்பு வண்டி இழுக்கும் எருமைக்குத் தெரிந்துவிட்டது. "அடியே வேம்பி, முளைப்பாரியைக் கடைசியில எங்க கொண்டுபோய்ப் போடுறாங்கன்னு தெரியும்ல?"

"தெரியும். தண்ணியில. அதுவரைக்கும் தலைமேலதானே இருக்கு."

"நானும் கறுப்புதான், என் பாலு வெள்ளைதான். யாரு எனக்குக் கிரீடம் வச்சா?"

"நீ எருமை. உனக்கு என் வயித்தெரிச்சல் புரியாது. வண்டியப் பாத்து இழு."

சூரியன் தினமும் கூரைமேல் நின்று கேட்டது. "வேம்பி, பிள்ளையை ஒருதடவை கண்ணுல காட்டேன்."

"பிள்ளையா? எனக்கேது பிள்ளை?" என்பாள்.

வேலை முடிந்து வந்ததும், விளக்கு ஏற்றாமல், குதிரின் வாயில் முகத்தை வைத்துப் பேசிக்கொண்டிருப்பாள். மகள் பூவரசிக்கு அம்மா என்றால் ஒரு குரல். "அம்மா, நீ எப்படி இருப்பே?" என்று உள்ளேயிருந்து கேட்பாள்.

"உன்னை மாதிரியேதான்டி, தங்கம்."

அரியணைக்குப் பெண் தேடுகிறார்கள் என்று தண்டோரா போட்ட அன்று, வேம்பி மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து வெளிறிப்போன ஒரு பெண் ஏறி வந்தாள். வெளிச்சம் பட்டதும் கண் கூசி இறுக மூடிக்கொண்டாள். வேம்பி முந்தானையைக் கிழித்து அவள் கண்ணைக் கட்டினாள். பனையோலைக் குடையை அவளுக்கு மேல் பிடித்து, தான் வெயிலில் நடந்தாள். "இன்னும் கொஞ்ச தூரம். வெளிய வராதே, நிழல்லயே நட" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அரண்மனை வாசலில் காவலன் பூவரசியைப் பார்த்ததும் குனிந்து கும்பிட்டான். பிறகு கண்கட்டை அவிழ்த்துவிட்டுக் கேட்டான். "தாயார் யாரும்மா? கேக்கச் சொல்லி உத்தரவு. வெயில் பட்ட வம்சம்னா உப்பளத்துக்கு அனுப்பிருவாங்க."

பூவரசி கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் கன்னங்கரேலென்று ஒருத்தி குடையோடு நின்றாள். மகள் ஓரடி விலகினாள்.

"இது யாரு? எங்கம்மா எங்கே? இப்பதானே பேசிட்டு வந்தாங்க. அம்மா?"

வேம்பி வாயைத் திறந்தாள். ஒரு சொல் போதும், குரல் காட்டிக்கொடுத்துவிடும். மகள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். காவலன் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேம்பி வாயை மூடிக்கொண்டாள்.

"தாயார் விட்டுட்டுப் போயிட்டாங்க போல. இது வேலைக்காரி, ஊமை" என்றான் காவலன். "சரி, இருந்துட்டுப் போகட்டும். இளவரசிக்குக் குடை பிடிக்க ஆள் வேணும்ல."

பூவரசி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். தெருவைத்தான் பார்த்தாள்.

அன்று முதல்தான் அந்த விளையாட்டை யார் திறந்தாலும் வெளுத்த இளவரசி முன்னால் நிற்கிறாள், கறுத்த ஒருத்தி பெயரில்லாமல் பின்னால் குடை பிடிக்கிறாள். நம் பிள்ளைகள் அவளை எத்தனை தடவை விரலால் தொட்டாலும் அவள் பேசுவதில்லை, பேசினால் மகளுக்குத் தெரிந்துவிடும்.