நீலம் வெளுக்காத குழாய்

மனைவி செண்பகவல்லி சொன்ன இந்தக் கதையைச் சொக்கலிங்கம் பல வருடம் நம்பவில்லை. வேதியியல் சரிதான். முடிவில்தான் அவருக்குச் சந்தேகம்.

அப்போது அவள் பிளஸ் டூ. மறுநாள் செய்முறைத் தேர்வு. ரெக்கார்டு நோட்டில் கடைசிச் சோதனைக்குக் கையெழுத்து வாங்கவில்லை. அது இல்லாமல் தேர்வுக்கு உள்ளே விடமாட்டார்கள்.

"மிஸ், உலோகங்களோட வினைத்திறன் வரிசை முழுக்க மனப்பாடம். பொட்டாசியத்துலேருந்து தங்கம் வரைக்கும். தலைகீழாக் கேட்டாலும் சொல்வேன். இன்னும் என்ன தெரியணும்?"

எஸ்தர் மிஸ் ஒரு சோதனைக் குழாயை நீட்டினார். உள்ளே செம்பு உப்பான மயில்துத்தத்தின் கரைசல், நல்ல நீலம். கூடவே ஒரு அலுமினியத் துண்டு.

"போட்டுப் பாத்து எழுது."

செண்பகம் போட்டாள். பார்க்கவில்லை. எழுதினாள்: 'நீலம் வெளுத்தது. அலுமினியத்தின் மேல் செம்பு படிந்தது.'

வரிசையில் அலுமினியம் மேலே, செம்பு கீழே. மேலே இருப்பது கீழே இருப்பதை வெளியேற்றும். இதில் பார்க்க என்ன இருக்கிறது? வகுப்பே அப்படித்தான் எழுதும்.

மிஸ் பேனா மூடியைத் திறந்தார். குழாயைப் பார்த்தார். மூடினார்.

"எங்கடி வெளுத்துச்சு?"

நீலம் அப்படியே இருந்தது. துண்டு பளபளவென்று கிடந்தது.

கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

"வரிசை தப்பா மிஸ்?"

"வரிசை சரி. காத்து பட்டு அலுமினியம் ஆக்சைடுச் சட்டை போட்டிருக்கு. உப்பு அதைக் கழட்டும்."

மிஸ் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்தார். மாங்காய்க்குக் கொண்டுவந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துக் குழாயில் போட்டார்.

நுரை எழும்பியது. குழாய் சுட்டது. துண்டு சிவந்தது. நீலம் மெல்ல வெளுத்தது.

செண்பகம் கைதட்டிவிட்டாள். "மிஸ், நான் எழுதினது அப்படியே நடந்துட்டு! கையெழுத்துப் போடுங்க."

மிஸ் பேனாவை அவளிடமே நீட்டினார்.

அவள் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். கீழே எழுதினாள்: 'கால் மணி நேரம் எதுவும் நடக்கவில்லை.' உப்பு போட்ட பிறகு நடந்ததை அடுத்த வரியில் எழுதினாள்.

மிஸ் கையெழுத்துப் போட்டார்.

இங்கேதான் சொக்கலிங்கத்துக்கு இடிக்கும். அண்ணனின் நோட்டைப் பார்த்தே முழு ரெக்கார்டையும் எழுதியவர் அவர். உண்மையாகிவிட்ட வரியை யாராவது அடிப்பார்களா? அவர் அடித்திருப்பாரா?

ஐம்பத்து நான்காவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் கேட்டேவிட்டார்.

"அடிச்சியான்னு கேக்கல, அடிச்சிருப்ப. கோடு போடறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் யோசிச்ச?"