கறுப்பு அட்டை

குரு என்றதும் வெள்ளைத் தாடியும் மான் தோலும் நினைவுக்கு வந்தால் அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். இந்தக் கதையின் குரு ஒரு பெண். பெயர் ரெஜினாள். சிஷ்யரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வருவார். புயலோ வெள்ளமோ வந்தால் கிராமத்து ஆஸ்பத்திரிகள் என்ன செய்ய வேண்டும் என்று அரசு டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை.

சிஷ்யர் டாக்டர் குணபாலன். கடலோரத்தில் ஆலங்கரை என்ற ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தலைமை டாக்டர். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. இந்த வயதில் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று மற்ற ஊர் டாக்டர்கள் கொட்டாவி விட்டார்கள். இவர் மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக் குருவைத் துளைத்தெடுத்தார்.

அந்த ஆர்வத்துக்குக் காரணம் இருந்தது.

முந்தின புயலின்போது குணபாலன் மாவட்டத் தலைநகரில் ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். பாலத்துக்கு மேல் தண்ணீர் போனது. போன்களும் செத்துப்போயின. அந்த மத்தியானம் பாம்பு கடித்த ஒரு சிறுமியை ஆலங்கரைக்குத் தூக்கி வந்தார்கள். விஷமுறிவு மருந்து பூட்டிய அறைக்குள் இருந்தது. சாவி குணபாலனின் சட்டைப் பையில் இருந்தது. நர்ஸ் சுலோசனா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சார் வந்துடுவாரு, சார் வந்துடுவாரு என்று அதன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். பூட்டை உடைக்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சாரைக் கேட்காமல் உடைத்திருக்க மாட்டார்கள்.

சார் வந்து சேர்ந்தபோது குழந்தை இல்லை.

அன்றைக்கே குணபாலன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி மழை மாதங்களில் ஆலங்கரையை விட்டு ஓர் அடிகூட நகர்வதில்லை. சொந்தத் தங்கை மகளின் கல்யாணம் ஐப்பசியில் வந்தது, போகவில்லை. தங்கை இன்றுவரை பேசுவதில்லை. ஆக்சிஜன், மருந்துப் பெட்டி, விஷமுறிவு மருந்து வைத்த சின்ன ஃபிரிட்ஜ், டார்ச் லைட், கயிறு என்று புயலுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே அறையில் சேர்த்து அதற்குப் புயல் அறை என்று பெயரும் வைத்தார். பூட்டாமல் விட்டால் டார்ச் லைட்டுகளுக்குக் கால் முளைத்துவிடும் என்பது அவர் அனுபவம். அதனால் ஒரு பெரிய பூட்டைப் போட்டு, சாவியைச் சிவப்புக் கயிற்றில் கோத்துத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டார். அதே கயிற்றில் ஒரு விசிலும் தொங்கியது. குளிக்கும்போதுகூட அதை அவர் கழற்றுவதில்லை என்று ஆஸ்பத்திரியில் பேச்சு.

பயிற்சியின் கடைசி நாள் ஒத்திகை. அதை ஆலங்கரையிலேயே நடத்தலாம் என்று ரெஜினாள் சொன்னதும் குணபாலனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒத்திகைக்கு முந்தின நாள் சாயங்காலம் குருவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி முழுக்கச் சுற்றிக் காட்டினார். புயல் அறையைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டினார். எல்லாம் பளபளவென்று இருந்தன. ரெஜினாள் பாராட்டினார், மனசாரத்தான் பாராட்டினார். குணபாலன் அறையைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டார்.

"மேடம், எவ்வளவு செஞ்சாலும் எனக்குப் பத்தல. எப்ப நாங்க தயார்னு நானே நம்புறது?"

ரெஜினாள் அவர் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார்.

"நாளைக்குச் சொல்றேன் சார். நல்லாத் தூங்குங்க."

குணபாலன் எங்கே தூங்கினார்!

மறுநாள் காலை ஆலங்கரை ஆஸ்பத்திரி கல்யாண வீடு மாதிரி இருந்தது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து நெற்றியிலும் கையிலும் பூசிக்கொண்டு காயம்பட்டவர்களாக வந்து குவிந்தார்கள். வேலிக்கு வெளியே பாதி ஊர் நின்றது. வருகிறவர்களைப் பார்த்தவுடன் அட்டை கட்ட வேண்டும். உடனே காப்பாற்ற வேண்டியவருக்குச் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள், நடக்க முடிந்தவருக்குப் பச்சை, இனி செய்ய ஒன்றுமில்லை என்றால் கறுப்பு. சிவப்பு அட்டை கிடைத்தவர்கள் பெருமையாக முனகினார்கள்.

நடு முற்றத்தில் குணபாலன் நின்றார். அவர் ஒரு விசில் ஊதினால் ஸ்ட்ரெச்சர் ஓடியது. இன்னொரு விசிலுக்கு ஜெனரேட்டர் உறுமியது. கையை நீட்டினால் அந்தத் திசையில் நாலு பேர் பறந்தார்கள். மற்ற ஊர் டாக்டர்கள் கொட்டாவியை மறந்து வாயைப் பிளந்து பார்த்தார்கள். குணபாலனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனை நாள் உழைப்பு, எல்லாம் அச்சுப் பிசகாமல் நடக்கிறதே என்று மனசு துள்ளியது.

அப்போது ரெஜினாள் நிதானமாக நடந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கறுப்பு அட்டையைக் கட்டினார்.

"மரம் விழுந்துடுச்சு சார். நீங்க செத்துட்டீங்க. போய்ப் படுங்க."

குணபாலன் சிரித்தார். குரு சிரிக்கவில்லை. கறுப்பு அட்டைக்காரர்களுக்கு ஒதுக்கியிருந்த சைக்கிள் கொட்டகையைக் கையால் காட்டினார்.

வேறு வழியில்லாமல் குணபாலன் போய்ச் சிமெண்ட் தரையில் படுத்தார். அங்கே ஏற்கெனவே செத்துக்கிடந்த ஓர் அம்மாள் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். "இப்படி வாங்க சார், இங்கதான் நிழலு," என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

முற்றத்தில் விசில் நின்றுபோனது. விசில் நின்றதும் எல்லாம் நின்றுபோனது. ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். ஜெனரேட்டர்காரர் ஜெனரேட்டரை அணைப்பதா ஓட விடுவதா என்று தெரியாமல் கையைப் பிசைந்தார். சிவப்பு அட்டைப் பெண்கள் முனகி முனகி அலுத்துப்போய்ப் புடவை விலை பேச ஆரம்பித்தார்கள். இளைய டாக்டர் அப்சல் நேராகச் சைக்கிள் கொட்டகைக்கு ஓடி வந்து குனிந்து, அடுத்து என்ன செய்யட்டும் சார் என்று கேட்டார்.

"பொணத்துகிட்ட என்ன கேள்வி டாக்டர்?" என்றார் ரெஜினாள்.

வேலிக்கு வெளியே ஊரே சிரித்தது. குணபாலனுக்கு அவமானமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. வாயைத் திறக்கக்கூடாது என்றால் புருவம் இருக்கிறதே என்று அதை உயர்த்தி அப்சலுக்கு ஆக்சிஜன் இருக்கும் பக்கத்தைக் காட்டினார். "புருவத்தால பேசுற பொணத்தை இப்பதான் பாக்குறேன்," என்று ரெஜினாள் சொன்னதும் அதுவும் போயிற்று. உழைத்து உழைத்துக் கட்டியதெல்லாம் கண்முன்னால் சரிவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சுலோசனா மருந்துத் தட்டோடு ஒரு மூலையில் நின்றாள். அவளும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாசலுக்குள் பாய்ந்து வந்தது. பின்சீட்டில் ஒருத்தர் ஓட்டுகிறவன் முதுகில் சாய்ந்து கிடந்தார். இறால் பண்ணையில் வேலை பார்க்கிறவர், வரப்பில் பாம்பு கடித்துவிட்டது என்று ஓட்டி வந்தவன் கத்தினான். கூட்டம் கை தட்டியது. அட்டை கட்டும் தொண்டர் ஒருவர் புன்னகையோடு வரவேற்று, கடிபட்டவரைச் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் படுக்க வைத்து மஞ்சள் அட்டை கட்டினார்.

"இவரு நம்மளவிட நல்லா நடிக்கிறாரு," என்றார் வேர்க்கடலை அம்மாள்.

குணபாலன் தலையைத் திருப்பிப் பார்த்தார். இமைகள் பாதிக் கண்ணுக்கு இறங்கியிருந்தன. கடைவாயில் எச்சில் வழிந்தது. ஏதோ பேசப் பார்க்கிறார், நாக்கு புரளவில்லை. இந்த முகத்தை எவனும் நடித்துக் காட்ட முடியாது.

குணபாலன் தான் செத்துக்கிடப்பதை மறந்துபோனார். "இது நிஜம்! ஒத்திகை இல்ல, நிஜம்!" என்று கத்திவிட்டார்.

"செத்தவங்க பேசக்கூடாது சார்," என்றார் அந்தத் தொண்டர், மிகவும் மரியாதையாக.

ஆனால் அதற்குள் ரெஜினாள் கடிபட்டவர் பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். மூச்சைக் கவனித்தார். மஞ்சள் அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டுச் சிவப்பைக் கட்டினார். பிறகு எழுந்து நின்று, முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"இவரு நிஜம். மூச்சை நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிறேன். சார் இன்னும் செத்துத்தான் இருக்காரு."

கறுப்பு அட்டை கட்டிய கையை ஊன்றி குணபாலன் பாதி எழுந்துவிட்டார். விசில் உதட்டுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு முறை ஊதினால் போதும், எல்லோரும் பறப்பார்கள். பூட்டிக்கிடந்த புயல் அறையின் சாவியும் அதே கயிற்றில்தான் இருந்தது. அவர் ரெஜினாளைப் பார்த்தார். ரெஜினாள் அவரைப் பார்க்கவே இல்லை, கடிபட்டவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது சுலோசனா ஓடி வந்தாள்.

தட்டை எங்கேயோ போட்டுவிட்டாள். முகம் வெளிறியிருந்தது. இவள் இப்போது கேட்கப்போகிறாள், சாவி குடுங்க சார் என்று கேட்கப்போகிறாள், எடுத்து நீட்டிவிடலாம் என்று குணபாலன் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார்.

அவள் கேட்கவில்லை. அவர் கையைத் தட்டிவிட்டாள். தோளைப் பிடித்து அழுத்தித் தரையோடு படுக்க வைத்தாள். சிவப்புக் கயிற்றை இரண்டு கையாலும் பற்றினாள். கயிறு காதில் மாட்டிக்கொண்டது.

பிணம் தன் தலையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தது.

கயிறு கழன்று வந்தது. சாவியோடும் விசிலோடும் சுலோசனா புயல் அறைக்கு ஓடினாள். ஓடும்போதே அப்சலைப் பார்த்து, மருந்து கொண்டாரேன், ஊசி போட ரெடியா இருங்க டாக்டர் என்று சத்தம் போட்டாள். அந்தக் குரலில் அப்சலைப் பிடித்திருந்த எதுவோ சட்டென்று விட்டுப்போனது. அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆக்சிஜன் கொண்டு வரச் சொன்னார். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். நரம்பைத் தேடிப் பிடித்தார். ஸ்ட்ரெச்சர்காரர்கள் ஸ்ட்ரெச்சரில் இருந்த பெண்ணை இறங்கி நடக்கச் சொல்லிவிட்டு ஓடி வந்தார்கள். குங்கும ரத்தம் பூசிய ஒரு பெண் குளுக்கோஸ் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி கூட்டத்தை விலக்கி ஆம்புலன்ஸுக்கு வழி செய்தாள். ஜெனரேட்டர்காரர் யாரும் சொல்லாமலே எமர்ஜென்சி வார்டுக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு ஓடி வந்து சொன்னார். விசில் சத்தமே இல்லை.

குணபாலன் தரையில் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடவுளே, கடவுளே என்று அதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்து லேசாக இருந்தது. அந்த லேசு அவருக்குப் புதிதாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

மருந்து இறங்க இறங்கக் கடிபட்டவரின் மூச்சு சீரானது. வெகுநேரம் கழித்து இமைகள் மெல்ல ஏறின. தண்ணி, என்று கேட்டார். தெளிவாகவே கேட்டார். அவரைக் கூட்டி வந்தவன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். வேலிக்கு வெளியே ஊர் மறுபடியும் கை தட்டியது. இந்த முறை அது வேறு மாதிரி கேட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஆம்புலன்ஸில் அப்சலும் ஏறிக்கொண்டார்.

ரெஜினாள் கையைக் கழுவிக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்கு வந்தார். வேர்க்கடலை அம்மாள் எப்போதோ உயிர்பெற்றுப் போயிருந்தார். குணபாலன் மட்டும் கிடந்தார். கண்ணோரம் ஈரம் வழிந்து காதுக்குள் இறங்கியிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"மேடம், இப்ப நாங்க தயாரா?"

"சுத்திப் பாருங்க சார். யாராவது உங்களைத் தேடுறாங்களா?"

குணபாலன் தலையைத் தூக்கிப் பார்த்தார். முற்றம் பரபரவென்று இருந்தது. மீதி இருந்த சிவப்பு அட்டைக்காரர்களை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒத்திகையை அவர்களே மறுபடி ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். புயல் அறையின் கதவு விரியத் திறந்து கிடந்தது. சிவப்புக் கயிற்றோடு சாவி பூட்டிலேயே தொங்கியது. ஆட்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். சுலோசனா எதையோ சொல்லி யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். அவளும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் தேடல மேடம்."

ரெஜினாள் குனிந்து அவர் மணிக்கட்டிலிருந்த கறுப்பு அட்டையை அவிழ்த்தார்.

"அப்ப எழுந்திரிங்க சார்."