மேட்டுக்காட்டுச் சுனை

மேட்டுக்காட்டில் சுனை வற்றிவிட்டது. முள்ளம்பன்றி சடைச்சியின் குட்டிகள் ஈர மண்ணை நக்கிக்கொண்டு கிடந்தன. ஆறு வெகுதூரம். அந்தப் பிஞ்சுக் கால்களால் அவ்வளவு நடக்க முடியுமா?

அப்போது காட்டு ராஜா தேர்தல் வந்தது. மேட்டில் பிறந்த நரியும் பள்ளத்தில் பிறந்த நீர்நாயும் போட்டி. ஓட்டு என்றால் ஒரு கூழாங்கல். மேட்டு மிருகங்கள் எப்போதும் மேட்டுக்காரனுக்கே போடும். பள்ளத்து மிருகங்கள் பள்ளத்துக்காரனுக்கே போடும். நடுவில் ஆற்றங்கரை மான்கள் மட்டும் யாருக்குப் போடும் என்று சொல்ல முடியாது.

நரி யானைகளைக் கூட்டிவந்து ஊற்றுத் தோண்டியது. எங்கே தெரியுமா? ஆறு ஓடுகிற அந்த ஆற்றங்கரையில்!

சடைச்சி மூச்சிரைக்க ஓடினாள். "அண்ணே, தண்ணி ஓடுற இடத்துல ஊற்று எதுக்கு? எங்க சுனையைத் தோண்டுங்க! பிள்ளைங்க சாகுது!"

"தங்கச்சி, மான்கள் எந்தப் பக்கம் சாயுமோ தெரியலை. நீங்க எங்கே போயிடப் போறீங்க? நம்ம ரத்தமாச்சே!" என்று நரி பல்லை இளித்தது.

சடைச்சிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. மேட்டுக்குத் திரும்பி வந்து கத்தினாள். "இந்தத் தடவை ஒருத்தரும் கல் போடாதீங்க! முதல்ல சுனை, அப்புறம் ஓட்டு!"

முயல் முகத்தைச் சுளித்தது. "பள்ளத்துக்காரன் நம்மை ஆளணுமா அக்கா? மானம் போயிடாது?"

"உன் மானத்தைக் குடிச்சா தாகம் தீருமாடா?"

யார் காதிலும் ஏறவில்லை. காய்ந்த நாக்கோடு வரிசையில் நின்று, அத்தனை பேரும் நரிக்கே கல் போட்டார்கள். மான்களும் அந்தப் பக்கமே சாய்ந்தன. நரி ஜெயித்தது. ஜெயித்த கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குக் குடிபோய்விட்டது!

சில நாளில் ஈர மண்ணும் காய்ந்தது. சடைச்சியின் கடைக்குட்டி செத்துப்போனது.

துக்கம் கேட்க வந்த முயல் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "என்ன இருந்தாலும் ராஜா நம்ம மேட்டுக்காரர். யானையை அனுப்பாமலா இருப்பார், அக்கா?"

"எதுக்குடா அனுப்பணும்?" என்று சடைச்சி அலறினாள். "அவனுக்கு வேண்டியதைத்தான் நீ சும்மாவே கொடுத்துட்டியே!"

நம்ம ஊர்க்காரன் என்பதற்காகவே ஓட்டைத் தூக்கிக் கொடுக்கிறவர்களுக்கு எந்த ராஜாவும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தரமாட்டான்.